முப்பத்தாறு நாற்காலியும் ஒரு புகை அறையும்

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். காவேரிப்பட்டணத்துக்கும் காரிமங்கலத்துக்கும் நடுவே, பைபாஸை ஒட்டி ஒரு பிரியாணி ஓட்டல் நடத்துகிறேன். ஒன்பது டேபிள், 36 பேர் உட்காரலாம். லாரி டிரைவர்கள் அதிகம். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து ஒகேனக்கல், ஏற்காடு போகிறவர்களும் வருவார்கள். சாப்பிட்ட கையோடு சிலர் டேபிளிலேயே சிகரெட்டைப் பற்ற வைக்கிறார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். போன மாதம் ஒருவர் சண்டை போட்டுவிட்டு, "புகார் கொடுக்கிறேன் பார்" என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். 30 சீட் இருந்தால் ஸ்மோக்கிங் ரூம் வைக்கச் சட்டமே அனுமதிக்கிறது, கடைசி இரண்டு டேபிளை பிளைவுட்டும் கண்ணாடியும் வைத்து மறைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்கிறான் என் மச்சான். அது வேண்டாமென்றால் பின்பக்கம் புளியமரத்தடியில் சேர் போடலாம் என்கிறான். ஹூக்கா வைத்தால் பெங்களூர் பசங்க இன்னும் வருவார்கள் என்றும் ஒரு யோசனை சொன்னான். எதைச் செய்வது? பக்கத்து டாஸ்மாக் பாரில் புகை மண்டிக் கிடக்கிறது, அங்கே யாரும் கேட்பதில்லை. என்னை மட்டும் பிடிப்பார்களா? கண்டித்துப் பேசினால் வியாபாரம் படுத்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. கல்லாவில் என் மனைவிதான் உட்காருகிறாள். அவளுக்கும் ஒரு வருடமாக இருமல், அலர்ஜி என்கிறார்கள். வாசலில் ஒரு பெட்டிக்கடைக்கும் வாடகைக்கு இடம் விட்டிருக்கிறேன். அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் மச்சான் சட்டத்தைப் பாதி படித்திருக்கிறார். அந்தப் பாதி சரிதான். சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003இல் வந்தது. கோர்ட்டில் நாங்கள் சுருக்கமாக 'கோட்பா' என்போம். அதன் 4ஆவது பிரிவு பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. அதே பிரிவின் கடைசியில் ஒரு விலக்கும் இருக்கிறது. 30 அறை உள்ள விடுதி, 30 பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் புகைப்பதற்குத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம். வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இப்போது கழித்தல் கணக்குக்கு வாருங்கள். உங்களிடம் 36 இருக்கை. இரண்டு டேபிளை எடுத்து அறையாக அடைத்தால் எட்டு போய்விடும், மிச்சம் 28. விலக்கு கேட்க 30 வேண்டும். அறை கட்டியதாலேயே அறை கட்டும் தகுதி போய்விடுகிறது! உள்ளே இருக்கும் எட்டையும் சேர்த்து எண்ணலாமே என்று உங்கள் மச்சான் வாதாடலாம். அது ஏன் எடுபடாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு விதிகள் விரிவாகச் சொல்கின்றன. நாலு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை முழுச் சுவர் வேண்டும். இடுப்பளவு பிளைவுட்டும் அதற்கு மேல் கண்ணாடியும் வைத்து, உச்சியில் இடைவெளி விட்டு நிறுத்துகிற வேலை செல்லாது. கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், எந்நேரமும் மூடியே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று கட்டடத்துக்கு வெளியே மட்டும்தான் போகலாம், ஹாலுக்குத் திரும்பி வரக் கூடாது. அறைக்குள் காற்றழுத்தம் கட்டடத்தின் மற்ற பகுதியைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். தம் பிரித்து அண்டா மூடியைத் திறந்தால் ஆவி குபீரென்று வெளியே பாயும் அல்லவா? புகை அறைக் கதவைத் திறக்கும்போது அதற்கு நேர் எதிராக நடக்க வேண்டும். ஹால் காற்று உள்ளே இழுபட வேண்டும், உள்ளே இருக்கும் புகை ஒரு இழைகூட வெளியே வரக் கூடாது. அடுப்படிக்கு வாங்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் இதைச் செய்யாது. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் புகை ஹாலுக்குத்தான் வரும்.

எல்லாவற்றையும் செலவு செய்து கட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அறையில் புகைப்பதைத் தவிர வேறெந்தச் சேவையும் கூடாது என்கிறது விதி. பிரியாணி கூடாது, டீ கூடாது, ஒரு சோடாகூட உள்ளே போகக் கூடாது. பரிமாறவே கூடாத இடத்தில் கிடக்கும் நாற்காலியை உணவக இருக்கை என்று எப்படி எண்ணுவீர்கள்? உங்கள் மச்சான் மனத்தில் இருப்பது அநேகமாக ஓசூர் தாண்டிப் பார்த்த ஏதாவது ஒரு கண்ணாடிக் கேபின். அதற்குள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள் என்றால் அது சட்டப்படியான புகை அறை இல்லை. சட்டத்தை மீறுகிற அறைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

புளியமரத்தடிக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் இடறி விழும் இடம் இது. பொது இடம் என்றால் திறந்த வெளி அதில் சேராது என்றுதான் 2003 சட்டத்தில் இருக்கிறது. அதை மட்டும் படித்தவர்கள் மரத்தடியில் தடையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் 2008 விதிகள் 'உணவகம்' என்ற சொல்லுக்குத் தனியாகப் பொருள் சொல்லும்போது, அந்தக் கட்டடத்தைச் சுற்றியுள்ள திறந்த வெளியும் உணவகத்தில் அடக்கம் என்று எழுதிவிட்டன. மரத்தடியில் சேர் போட்டு, அங்கே ஒரு பையனை ஆர்டர் எடுக்க அனுப்பினால் அதுவும் உங்கள் ஓட்டல்தான். வெயிலுக்கு ஒரு தகர ஷீட் போட்டாலும் அப்படியே. பஸ் நிறுத்தத்தையும் விதிகள் விட்டுவைக்கவில்லை. ஓட்டல் வாசலில் நிறுத்தம் இருந்தால், "அங்கே போய்ப் பிடிங்க" என்று நீங்கள் கை காட்டவும் முடியாது.

டாஸ்மாக் பார் பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயமானது. அதே வரையறையில் கேன்டீன், காபி கடை, விருந்து மண்டபத்தோடு பப், பார் என்றும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அந்த பாரும் உங்கள் ஓட்டலும் ஒன்றுதான். அங்கே யாரும் போய்க் கேட்பதில்லை என்பது அமலாக்கத்தின் சோம்பேறித்தனம். அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் 'அவனைக் கேட்கவில்லையே' என்பது எந்தக் கோர்ட்டிலும் எதிர்வாதமாக நிற்காது. இன்னொன்றும் உண்டு. பாருக்குள் உட்கார்ந்து புகார் எழுதுகிறவர் அபூர்வம். உங்கள் ஓட்டலுக்கோ கைக்குழந்தையோடு வருகிறார்கள், கையில் போனும் இருக்கிறது. போன மாதமே ஒருவர் படம் எடுத்துவிட்டார்.

ஹூக்காவை ஒரே வரியில் முடிக்கிறேன்: வேண்டவே வேண்டாம். தமிழ்நாடு 2022இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து ஹூக்கா பாரைத் தடை செய்துவிட்டது, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

அபராதம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகைத்தவருக்கு 200 ரூபாய் வரை. 2003இலும் 200, இன்றும் நம் மாநிலத்தில் அதே 200. அன்றைக்கு ஒரு பிரியாணி என்ன விலை, இன்றைக்கு நீங்கள் என்ன விலை போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் தங்கள் மாநிலத்துக்கு இதை 1000 ஆக்கிவிட்டார்கள். உணவகங்களுக்கான புகை அறை விலக்கையே எடுத்துவிட்டு அபராதத்தை 2000 ஆக்கலாம் என்று மத்திய அரசின் வரைவு ஒன்றும் சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் இன்று நீங்கள் செலவழித்துக் கட்டும் அறை நாளைக்கு என்ன ஆகும் என்று யோசிக்க அந்த வரைவே போதும்.

200தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். உங்கள் பங்கு தனி. யாரும் புகைக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையை விதிகள் உரிமையாளர், மேலாளர், பொறுப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. இன்னார் புகைக்கிறார் என்று உங்களிடம் புகார் வந்து, நீங்கள் நடவடிக்கை எடுக்காமல் இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றங்களுக்கு ஈடான அபராதம் உங்களுக்கு. படம் எடுத்த அந்த மனிதர் முதலில் உங்களிடம்தானே சொல்லியிருப்பார்? அவர் சொன்ன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வியாக வரும். நடைமுறையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. புகைக்காக வந்த சுகாதார ஆய்வாளர் அடுப்படியையும் கை கழுவும் இடத்தையும் எட்டிப் பார்க்காமலா போவார்?

அறை வேண்டாம், மரத்தடி வேண்டாம் என்றால் செய்ய வேண்டியது என்ன? முதலில் போர்டு. குறைந்தது 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், வெள்ளைப் பின்னணி. சிகரெட் அல்லது பீடிப் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், குறுக்கே சிவப்புப் பட்டை. "புகை பிடிக்கத் தடை செய்யப்பட்ட பகுதி, இங்கு புகை பிடிப்பது குற்றம்" என்ற வாசகம் தமிழில் இருக்கட்டும். புகார் சொல்ல வேண்டியவர் பெயர் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். பெயரோடு போன் நம்பரையும் எழுதிவிடுங்கள். அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், சப்ளையர் பெயரைப் போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்க வேண்டாம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு போர்டு வேண்டும். பிரிண்ட் கடையில் ஃபிளெக்ஸ் அடித்தால் ஆகிற செலவு பிளைவுட்டில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது.

போர்டைவிட முக்கியமான வேலை ஒன்று டேபிளில் இருக்கிறது. நம் பக்கத்து ஓட்டல்களில் ஒரு பழக்கம் உண்டு. கஸ்டமர் சிகரெட் எடுத்ததுமே சப்ளையர் பையன், யாரும் சொல்லாமலே, டிஸ்போசபிள் டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பான். அவனைப் பொறுத்தவரை அது மரியாதை, டேபிளும் அழுக்காகாது. ஆனால் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் உட்பட புகைக்க வசதி செய்து தரும் எதையும் வைக்கக் கூடாது என்கிறது விதி. அந்த டம்ளர் படத்தில் விழுந்துவிட்டால், "எனக்குத் தெரியாமல் பிடித்துவிட்டார்" என்று நீங்கள் சொல்லவே முடியாது. இன்று மாலையே பையன்களைக் கூப்பிட்டு அந்த டம்ளரை நிறுத்துங்கள். சாம்பல் தட்ட இடமில்லாவிட்டால் பாதிப் பேர் தாங்களாகவே எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

மீதிப் பாதிக்குத்தான் வாய் வேண்டும். பத்தொன்பது வயது சப்ளையரை அனுப்பி, "சார், இங்க பிடிக்கக் கூடாது" என்று சொல்ல வைக்காதீர்கள். அடி வாங்குவது அவனாக இருக்கும். அதிலும் அவன் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவனாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நீங்களே போங்கள். "அண்ணே, உள்ள வேணாம்ணே, குழந்தைங்க இருக்காங்க. ரோட்டோரமா போயிட்டு வாங்க, டீ சூடா எடுத்து வைக்கச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சட்டத்தின் பிரிவு எண்ணை எடுத்த எடுப்பில் நீட்டினால் நம் ஊரில் வீம்புதான் வரும். ஊர்ப் பெரிய மனிதர் யாராவது மறுத்தால் சத்தம் போடாமல் சப்ளையை நிறுத்துங்கள், பில்லைக் கொண்டுவந்து வையுங்கள். தேதி, நேரம், என்ன சொன்னீர்கள் என்று கல்லாவில் ஒரு நோட்டில் இரண்டு வரி குறித்து வையுங்கள். பின்னால் புகார் என்று வந்தால், நடவடிக்கை எடுத்தேன் என்று காட்ட அந்த நோட்டுதான் கையில் இருக்கும்.

லாரி டிரைவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். இரவு முழுக்க ஓட்டிவிட்டு, தொப்பூர் இறக்கத்துக்கு முன் தூக்கம் கலைய ஒரு சிகரெட் என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது சிகரெட்டும் பத்து நிமிட ஓய்வும். அதை உங்கள் கூரைக்குக் கீழேதான் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. முகம் கழுவத் தண்ணீரும், வண்டி நிறுத்த இடமும், நள்ளிரவிலும் சூடான டீயும் இருந்தால் வண்டி நிற்கும். புகைக்க விடவில்லை என்று நல்ல சால்னாவை விட்டுப் போன டிரைவரை நான் பார்த்ததில்லை. விட்டுவிட நினைக்கும் டிரைவர் யாராவது இருந்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள். மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் அது, சிகரெட் பாக்கெட்டிலேயே இருக்கும்.

வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் உலகம் முழுக்க ஓட்டல்காரர்களுக்கு வந்த பயம்தான். அயர்லாந்தில் 2004 மார்ச் 29இல் வேலையிடங்கள் எல்லாவற்றிலும், பப்கள் உட்பட, புகைக்கத் தடை போட்டபோது பப் முதலாளிகள் இதையேதான் சொன்னார்கள். நியூயார்க் நகரில் 2003இல் பார்களுக்கும் தடை வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது உணவகம், பார்களின் வரி வசூல் கூடியிருந்தது. நம் நாட்டில் 2008 விதிகள் அக்டோபர் 2இல் அமலுக்கு வருவதற்கு முன் அவற்றை நிறுத்தி வைக்கக் கேட்டார்கள், உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்கும் முன்னால், 2001 நவம்பரில், முரளி தேவ்ரா வழக்கில் அதே நீதிமன்றம் மருத்துவமனை, நூலகம், பேருந்து, ரயில், கோர்ட் கட்டடம் என்று ஒரு பட்டியல் போட்டுப் புகைப்பதைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் உணவகம் இல்லை. அது 2003 சட்டத்தில்தான் உள்ளே வந்தது. கோர்ட் கட்டடம் பட்டியலில் இருப்பதை என் சீனியர் பேப்பரில் படித்தது, கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில், கையில் எரியும் சிகரெட்டோடு! அவர் அறையில் இருந்த கேஸ் கட்டுகளில் அந்த வாசனை பல வருடம் போகவில்லை. நான் ஒரு நாளும் பிடித்ததில்லை, ஆனால் வீட்டில் என் கோட்டை மோந்து பார்த்துவிட்டு நம்பவில்லை.

உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கஸ்டமர் உங்கள் ஓட்டலில் அரை மணி நேரம் இருப்பார். உங்கள் மனைவி கல்லாவில் எத்தனை மணி நேரம் உட்காருகிறார்? பத்தா, பன்னிரண்டா? இருமலுக்குக் காரணம் புகைதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அலர்ஜியாகவே இருக்கலாம், விறகடுப்புப் புகையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த முறை போகும்போது, புகை நிறைந்த இடத்தில் தினம் உட்காருகிறேன் என்பதை அவர் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாமாகச் சொன்னாலொழிய அவர்களுக்கு எப்படித் தெரியும்? தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சகப் பிரிவில் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

கலிபோர்னியாவில் 1998இல் பார்களில் புகைக்கத் தடை வந்தபோது, சான் பிரான்சிஸ்கோவில் 53 பார் ஊழியர்களைத் தடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முன்பு 39 பேருக்கு இருமல், இழுப்பு போன்ற தொல்லை இருந்தது. தடை வந்த சில வாரங்களுக்குள் அவர்களில் 23 பேருக்கு அது நின்றுவிட்டது. மருந்து கொடுத்துச் சோதித்த ஆய்வு இல்லை அது, அவர்கள் மூச்சு விட்ட காற்று மாறியது. கனடாவில் ஹெதர் குரோ என்று ஒரு பெண்மணி. நாற்பது வருடம் உணவகங்களில் பரிமாறியவர், வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர். 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலையிடத்துப் புகையால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டு தொழிலாளர் இழப்பீடு கொடுத்தார்கள். 2006இல் இறக்கும் வரை ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். பரிமாறுகிறவர்கள் கண்ணோட்டத்தில் இந்தச் சட்டத்தைப் பார்க்க வைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. உங்கள் சப்ளையர்கள் ஓட்டலிலேயே தங்குகிறவர்கள் என்றால் அவர்களுக்கு அரை நாள்கூட அந்தப் புகையிலிருந்து விடுதலை இல்லை.

கடைசியாகப் பெட்டிக்கடை. சிகரெட் விற்பது குற்றமில்லை, ஆனால் 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது, அதற்கான போர்டும் கடையில் இருக்க வேண்டும். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் கடை இருந்தால் விற்கவே கூடாது. உங்கள் பக்கம் எந்தப் பள்ளியும் அருகில் இல்லையென்று நினைக்கிறேன், ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள். கடையின் தூணில் கயிற்றில் லைட்டர் தொங்குகிறதா? முன்பு கயிற்று நுனியே கனன்றுகொண்டிருக்கும், இப்போது லைட்டர். அந்த இடம் உங்கள் ஓட்டலைச் சுற்றியுள்ள வெளிக்குள் வருகிறது என்றால் அதுவும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுத்தில் இருந்தால் நகலை அனுப்புங்கள், இந்த நிபந்தனைகளைச் சேர்த்துத் தருகிறேன். வாய்ப்பேச்சு என்றால் அடுத்த வாடகை வாங்கும் முன் முத்திரைத்தாளில் எழுதிவிடலாம், வாருங்கள்.